கதை கேட்கிறவர்கள் குறுக்கே பேசட்டும்

மொரிஷியஸின் காத்ர் போர்ன் ஊரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் தெருவில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, மாதம் ஒரு சனிக்கிழமை மாலை கதைக்கூட்டம் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளியில் படித்த தமிழ்தான் தெரியும். வீட்டில் பேசுவது தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோல். பெரியவர்களில் சிலர், நீதிக்கதையும் புராணமும் போதும், வெறும் வேடிக்கைக் கதை எதற்கு என்கிறார்கள். விளையாட்டாகக் கதை சொல்வதால் ஏதாவது பயன் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?"

பயன் உண்டா என்பதற்கு முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன். உண்டு. அதுவும் உங்கள் நிலைமையில் வேடிக்கைக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். நீதிக்கதையை ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுப் போய்விடலாம். வேடிக்கைக் கதையை அப்படிக் கேட்க முடியாது. நடுவே சிரிக்கும், "பொய்!" என்று கத்தும், ஆமைக்குப் பேச யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கும். வாயைத் திறந்த பிள்ளைதான் மொழியைப் பேசும். மொரிஷியஸில் தமிழைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கோயிலில் தேவாரம் பாடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். தப்பு வந்தால் வரட்டும் என்று தமிழில் சும்மா உளற ஓர் இடம்தான் இல்லை. உங்கள் சனிக்கிழமை மாலை அந்த இடமாக இருந்தால் அதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை.

பெரியவர்களின் கவலையையும் தள்ளிவிட வேண்டாம். அவர்கள் பயப்படுவது, தமிழ் என்ற பெயரில் வெறும் கூத்தடிப்பாகப் போய்விடுமோ என்றுதான். அவர்களுக்குத் தொல்காப்பியத்தைக் காட்டுங்கள். செய்யுளியலில் உரைநடை வகைகளைச் சொல்லும் இடத்தில், "பொருளொடு புணராப் பொய்ம்மொழி" என்று ஒன்றையும், "பொருளொடு புணர்ந்த நகைமொழி" என்று இன்னொன்றையும் அந்த இலக்கணம் கணக்கில் சேர்க்கிறது. உலகத்தில் நடக்கவே முடியாத பொய்க்கதை ஒன்று, சிரிக்க வைக்கும் பேச்சு ஒன்று. உரை எழுதிய பேராசிரியர் பொய்ம்மொழிக்குக் காட்டும் உதாரணம் இன்னும் அழகு: ஒரு யானையும் ஒரு குருவியும் நட்பாகி, இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டு வழிவழியாகச் சொல்லிவருவது. யானையும் குருவியும் நண்பர்களாக ஊர் சுற்றிய கதைக்கு நம் இலக்கணம் இடம் கொடுத்திருக்கிறது! அதோடு நிற்கவில்லை. "ஒன்றே மற்றும் செவிலிக்கு உரித்தே, ஒன்றே யார்க்கும் வரைநிலை இன்றே" என்கிறது. ஒரு பகுதி பிள்ளையை வளர்க்கும் செவிலித்தாய்க்கு உரியது, இன்னொரு பகுதி யார் வேண்டுமானாலும் சொல்லலாம், தடையில்லை. பிள்ளை வளர்ப்போடு கதையைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நமக்கு எவ்வளவு பழையது என்று இதிலிருந்தே தெரிகிறது.

புராணம் மட்டும் என்பவர்களிடம் இன்னொன்றும் சொல்லலாம். முருகன் ஔவையிடம் "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா" என்று கேட்ட கதையைவிட விளையாட்டான கதை எங்கே இருக்கிறது? மாடு மேய்க்கும் சிறுவனாக மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவ்வளவு பெரிய புலவரை மண்ணில் விழுந்த பழத்தை ஊத வைத்து, "பாட்டி, பழம் சுடுகிறதா?" என்று கேட்கிறது தெய்வம். நம் தீவில் காவடி எடுக்கும் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். சொல்லும்போது அந்த மரம் நாவல் மரம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். நாம் ஜாம்ப்லோன் என்கிறோமே, நாக்கையும் பள்ளிச் சட்டையையும் ஊதாவாக்கும் அதே பழம்தான் என்று சொல்லுங்கள். ஔவை உடனே நம் ஊர்ப் பாட்டி ஆகிவிடுவாள்.

சரி, தொடங்குவது எப்படி என்பதற்கு வருகிறேன். என் பதிலில் முக்கியமான பகுதி இதுதான்.

கதையைத் தொடங்குவதற்கு முன்னால் கேட்கிறவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். தமிழில் இதற்கு நம் பாட்டிமார்கள் வைத்திருந்த வழி, உம் கொட்டுவது. நீ "உம்" சொன்னால்தான் அடுத்த வரி. நிறுத்தினால் கதையும் நிற்கும். வில்லுப்பாட்டில் முன்னே பாடுகிறவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். அந்த ஆமா இல்லாமல் வில்லுப்பாட்டு நகராது. கிரியோலில் இது இன்னும் துள்ளலாக இருக்கிறது. சொல்கிறவர் "சிராந்தான்!" என்று கூப்பிடுவார், கூட்டம் "சாம்பேக்!" என்று ஒரே குரலில் திருப்பிக் கத்தும். அதன் பிறகுதான் விடுகதை வரும். பக்கத்துத் தீவான ரீயூனியனில் "கிரிக்கே!" என்றால் "கிராக்கே!" என்பார்கள். தமிழ், கிரியோல் இரண்டையும் கையில் வைத்திருக்கும் நமக்கு இது பெரிய வசதி. முதல் பத்து நிமிடம் கதையே வேண்டாம். "சிராந்தான்!" என்று நீங்கள் கூப்பிடுங்கள், கூடம் அதிரட்டும். மூலையில் அம்மாவின் மடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கூச்சப் பிள்ளைக்குக்கூட "சாம்பேக்" என்று கத்தத் தமிழ் இலக்கணம் தேவையில்லை. ஒரு முறை கத்திவிட்டால் கூச்சத்தில் பாதி போய்விடும்.

அப்புறம் விடுகதைகளைக் கலந்து போடுங்கள். கிரியோலில் எல்லாருக்கும் தெரிந்தது: "திலோ திபூத்?" நிற்கிற தண்ணீர் எது? கரும்பு. "திலோ பாந்தான்?" தொங்குகிற தண்ணீர்? தேங்காய். "தி போனோம், கிரான் சாப்போ?" குட்டி மனிதன், பெரிய தொப்பி? காளான். இதே சூட்டில் தமிழில் ஒன்று: "அப்பா காசை எண்ண முடியாது, அம்மா சேலையை மடிக்க முடியாது." நட்சத்திரமும் வானமும். "அடி காட்டிலே, நடு மாட்டிலே, நுனி வீட்டிலே." நெற்பயிர்: அடித்தாள் வயலில் நின்றுவிட, வைக்கோல் மாட்டுக்குப் போகிறது, நெல் வீட்டுக்கு வருகிறது. கடைசி விடுகதை நம் பிள்ளைகளுக்குக் கஷ்டம், ஏனென்றால் நெல் வயலை அவர்கள் பார்த்ததில்லை. அதனாலேயே அதைப் போடுங்கள். பதிலைச் சொல்லிவிட்டு, அதே சட்டத்தில் கரும்பை வைத்து ஒன்று கட்டச் சொல்லுங்கள். நுனி மாட்டுக்குப் போகிறது, நடு ஆலைக்குப் போகிறது, அடி மறுபடி முளைக்கிறது. இதெல்லாம் அவர்கள் வீட்டுத் தாத்தாவுக்குத் தெரியும், அவரைக் கேட்டால்தான் விடுகதை முடியும்.

பிள்ளைகள் சொந்தமாகக் கட்டத் தொடங்கும்போதுதான் கூட்டம் உங்கள் கையைவிட்டு நல்லபடியாகப் போகிறது என்று அர்த்தம். தொடங்கிவைக்க இரண்டு தருகிறேன். "மஞ்சள் உடம்பு, எண்ணெயில் குளியல், கடித்தவன் கண்ணில் தண்ணீர்." காத்தோ பிமா, நம் மிளகாய் வடை. "ரோஸ் ஹில்லில் விழுங்கும், போர்ட் லூயியில் துப்பும், வயிறு மட்டும் நிறையவே நிறையாது." மெட்ரோ. இவை பழைய விடுகதைகள் இல்லை என்று யாராவது குறை சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எல்லாப் பழைய விடுகதையும் ஒரு நாள் யாரோ புதிதாகக் கட்டியதுதான்.

இந்தக் கிரியோல் விடுகதைகளும் கதைகளும் யாருடையவை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இந்தத் தீவில் சொல்லி வளர்த்தவை அவை. 1835ல் அடிமைமுறை ஒழிந்தது. அந்தச் சமயத்தில் தொடங்கி 1920 வரை கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கினார்கள். நம் முன்னோர்களில் பலர் மதராஸிலிருந்து கப்பலேறி அப்படி வந்தவர்கள்தான். அதற்கும் நூறு ஆண்டுக்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்திருந்தார்கள். கரும்புத் தோட்டத்திலும் போர்ட் லூயியின் தெருக்களிலும் இரண்டு மக்களின் கதைகளும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. சார்ல் பேசாக் என்பவர் 1888ல் மொரிஷியஸ் நாட்டார் வழக்குகளைத் தொகுத்து அச்சிட்டார். இந்தச் சிராந்தான் விடுகதைகளும் முயல் ஆமைக் கதைகளும் அதில் இருக்கின்றன. அடிமைப்பட்டவர்கள் சிரித்துச் சொன்ன கதைகள் என்பதால் அவற்றில் பெரும்பாலும் சின்ன மிருகம்தான் ஜெயிக்கும். அந்தச் சிரிப்புக்கு நாம் மரியாதை செய்ய வேண்டும். நம் பிள்ளைகள் அந்தக் கதைகளைத் தமிழில் சொல்வதும் அந்த மரியாதையில் ஒரு வகை என்றே நினைக்கிறேன்.

விடுகதைக்கு அப்புறம் முதல் கதையாக எதை வைப்பது என்று கேட்டால், என் தேர்வு குதிரை முட்டை. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில் வருவது. 1747ல் காலமான அந்த இத்தாலியப் பாதிரியார் தமிழில் எழுதிய இந்த வேடிக்கை நூல் 1822லேயே லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாகியிருக்கிறது. தமிழ் கற்க விரும்பிய வெளிநாட்டவர்கள் ஐந்து முட்டாள் சீடர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நம் மொழியைக் கற்றிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் அழுத்தமான பாடம்?

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குருவுக்குக் குதிரை வாங்கப் பணம் போதவில்லை. சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கி வருகிறார்கள். வழியில் அது கீழே விழுந்து உடைகிறது. புதரில் பதுங்கியிருந்த ஒரு முயல் பயந்து ஓடுகிறது. ஐயோ, குட்டி ஓடுகிறதே என்று துரத்துகிறார்கள். இங்கே சொல்லும்போது பூசணிக்காயைக் கிரியோல் பெயரில் ஜிரோமோன் ஆக்குங்கள், சந்தையில் எத்தனை ரூபாய்க்கு வாங்கினார்கள் என்று பிள்ளைகளையே பேரம் பேசச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு விளையாட்டு. அந்த முயல் எங்கே ஓடியது? பழைய கதை அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நாம் கவலைப்படலாம். அது நேராக ஓடிப்போய் நின்ற இடம் ராஜாவின் குளக்கரை. அங்கே அதன் பெயர் கொம்பேர் லியேவ், முயல் நண்பன். பேசாக் தொகுத்த கிரியோல் கதையில் ராஜாவின் குளத்துத் தண்ணீரை முயல் இரவோடு இரவாகக் கலக்கிவிடுகிறது. காவல் வைத்தவர்களையெல்லாம் ஏமாற்றுகிறது. கடைசியில் ஆமை வருகிறது, முதுகில் பிசுபிசுவென்று ஒட்டும் பசையைப் பூசிக்கொண்டு கரையில் கல் மாதிரிக் கிடக்கிறது. ஆஹா, உட்கார ராஜா எனக்குக் கல் போட்டு வைத்திருக்கிறார் என்று முயல் உட்கார்ந்ததும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு காலை விடுவிக்க இன்னொரு காலால் உதைக்கிறது, அதுவும் ஒட்டுகிறது. இந்த இடத்தில் ஒவ்வொரு உதைக்கும் ஒரு பிள்ளையை எழுந்து உதைக்கச் சொல்லுங்கள். "வலது கை!" "ஒட்டிக்கிச்சு!" "இடது கை!" "ஒட்டிக்கிச்சு!" உடம்பின் உறுப்பெல்லாம் தமிழில் வந்துவிடும், யாரும் பாடம் நடத்தவில்லை.

சிங்கத்தைக் கிணற்றில் குதிக்க வைத்த பஞ்சதந்திர முயலும் இதே முயல்தான் என்று வைத்துக்கொண்டால் அடுத்த மாதக் கதையும் தயார். ராஜாவிடமிருந்து தப்பிய முயல் காட்டுக்குப் போகிறது, அங்கே சிங்கம். தமிழ்நாட்டுக் கதை, ஆப்பிரிக்கக் கதை, இந்தியப் பழங்கதை மூன்றையும் ஒரே முயல் கடந்து ஓடுவது புலவர்களுக்குச் சரியாகப் படாமல் போகலாம். கதை சொல்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. நம் பிள்ளைகளின் வாழ்க்கையும் அப்படித்தானே ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் கிரியோல் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால், மொழிக் கலப்பைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ரீயூனியனைப் பாருங்கள். அங்கே பல தலைமுறையாகத் தமிழ் அன்றாடப் பேச்சில் இல்லை. ஆனாலும் பால் தமூல் என்று அங்கே அழைக்கப்படும் கூத்து வாழ்ந்திருக்கிறது. நர்லகோன் என்றும் சொல்வார்கள், நம் நாடகம்தான். இரவு முழுக்க மகாபாரதக் கதையைத் தமிழ்ப் பாட்டாகப் பாடுவார்கள். வாத்தியார் நடத்துவார். பாட்டின் பொருளைக் கிரியோலில் எடுத்துச் சொல்வார்கள். பாட்டு தமிழில் நிற்கிறது, கதை கிரியோலில் நடக்கிறது. இரண்டும் சேர்ந்ததால்தான் கூட்டம் விடியும்வரை உட்கார்ந்திருந்தது. உங்கள் கூட்டத்துக்கும் அந்த வழி பொருந்தும். கதையை எந்த மொழியில் வேண்டுமானாலும் நடத்துங்கள், திரும்பத் திரும்ப வரும் வரிகளை மட்டும் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். "ஒட்டிக்கிச்சு", "ஐயோ, குட்டி ஓடுதே", "பாட்டி, பழம் சுடுதா?" மாதிரி. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போவது அந்த வரிகளைத்தான். பிள்ளை கிரியோலில் குறுக்கே கேட்டால் கிரியோலிலேயே பதில் சொல்லிவிட்டு அடுத்த வரியைத் தமிழில் தொடருங்கள். "தமிழில் கேள்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் கேட்காது. இதை நான் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன், மனம் கனத்துப்போகும்.

பெரியவர்களுக்கும் கூட்டத்தில் விளையாட்டு வேண்டும். அவர்களை நீதி சொல்ல மட்டும் உட்கார வைப்பது அநியாயம். அவர்களுக்குப் புளுகுப் போட்டி வையுங்கள். அண்டப்புளுகு ஆகாசப்புளுகு என்று நம்மிடம் பேரே இருக்கிறது. விதி ஒன்றுதான்: சொல்கிறவர் எவ்வளவு பெரிய புளுகை அவிழ்த்தாலும் கேட்கிறவர் "ஆமாம், உண்மைதான்" என்று சொல்ல வேண்டும். "பொய்" என்று சொன்னால் தோற்றார். மாதிரிக்கு ஒன்று, 1960 பிப்ரவரியில் அடித்த கரோல் புயலை வைத்து:

"கரோல் புயலில் எங்கள் தாத்தா வீட்டுத் தகரக் கூரை பறந்துபோனது, தெரியுமா?"

"ஆமாம், உண்மைதான்."

"பறந்து ரீயூனியனில் போய் விழுந்தது. அங்கே ஒருவர் அதைத் தன் வீட்டுக்குப் போட்டுக்கொண்டார்."

"ஆமாம், உண்மைதான்."

"நல்ல மனுஷர். அடுத்த புயல் வந்தபோது ஆணியைப் பிடுங்கித் திருப்பி அனுப்பினார். கூரை வந்து எங்கள் வீட்டின் மேலேயே உட்கார்ந்தது. அதன் மேல் அவர் காயவைத்த கருவாடு ஒரு மூட்டை அப்படியே இருந்தது."

"ஆமாம், உண்மைதான்."

"அந்த மூட்டையை உங்கள் தாத்தா கடன் வாங்கிக்கொண்டு போனார். இன்னும் பணம் தரவில்லை."

இப்போது எதிரில் இருப்பவர் என்ன சொல்வார்? உண்மை என்றால் பணம் தர வேண்டும், பொய் என்றால் தோற்றார். இந்த மாதிரிப் பொறி வைக்கும் கதைகள் இந்தியா முழுவதும் உண்டு. எழுபது வயதுக்காரர்கள் இதில் காட்டும் வேகத்தைப் பார்த்தால் பிள்ளைகள் அசந்துபோவார்கள். இன்னொரு நன்மையும் இருக்கிறது. புளுகுக்கு அடியில் உண்மை வெளியே வரும். கரோல் அடித்தபோது நிஜமாகவே என்ன நடந்தது, யார் வீட்டில் போய் ஒண்டினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று பேச்சு தானாகப் போகும். நேராக "தாத்தா, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பலருக்கு வாய் வராது. விளையாட்டில் வரும்.

ஊரின் மலைகளையும் விட்டுவிடாதீர்கள். பீட்டர் போத் மலை உச்சியில் தலை மாதிரி உருண்டையாக ஒரு பாறை நிற்கிறதே, அதற்கு ஒரு கதை இங்கே எல்லாச் சமூகத்தாரும் சொல்வார்கள். பால் விற்கப் போன ஒருவன் மலையில் தேவதைகள் ஆடுவதைப் பார்த்துவிட்டான். யாரிடமும் சொல்லாதே என்று அவனை எச்சரித்தார்கள். அவன் சொல்லிவிட்டான், கல்லாகிப்போனான். இந்தக் கதையை அப்படியே முடிக்காமல் பிள்ளைகளிடம் ஒரு வழக்கு மாதிரி விட்டுவிடுங்கள். அவன் சொன்னது தப்பா? அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்துவிட்டு யாரால் சும்மா இருக்க முடியும்? அவன் யாரிடம் சொன்னான்? மனைவியிடமா, மாட்டிடமா? மாட்டிடம் சொன்னால் கணக்கில் சேருமா? மரியாதை ராமன் தீர்ப்புக் கதைகள் தெரிந்த தாத்தா ஒருவரை நீதிபதியாக உட்கார வையுங்கள். நீதி வேண்டும் என்று கேட்ட பெரியவர்களுக்கு இதைவிட நல்ல நீதிக்கதை கிடைக்காது, ஏனென்றால் தீர்ப்பைப் பிள்ளைகளே தேடிக்கொண்டிருப்பார்கள். நீதியை நீங்களாகச் சொல்லிக் கதையை மூட வேண்டாம் என்பதை மட்டும் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள். கதையின் கடைசியில் "இதனால் அறியப்படுவது" என்று வந்தவுடன் பிள்ளைகளின் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள், உங்களுக்கே புரியும். கிரியோல் கதைசொல்லிகள் பலர் வேறு மாதிரி முடிப்பார்கள்: நானும் அந்த ராஜா வீட்டு விருந்துக்குப் போனேன், கொஞ்சம் சோறு கேட்டேன், ஓர் உதை விட்டார்கள், இங்கே வந்து விழுந்தேன், அதனால்தான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல முடிந்தது. எத்தனை நல்ல முடிவு! ஏழு கறி விருந்தில் எட்டாவது கறி கேட்டேன், உதைத்தார்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். உயிரோடு இருக்கிற, ஊரில் தெரிந்த மனிதர்களை வைத்துக் கதை கட்டுவது. நம் தீவில் எல்லாருக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டு, அதற்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு, சொன்னால் கூட்டம் குலுங்கிச் சிரிக்கும். ஆனால் அந்த மனிதரோ அவர் வீட்டுக்காரரோ அந்தச் சிரிப்பில் சேர முடியாவிட்டால் அது விளையாட்டு ஆகாது. எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் ஒருவரின் குடிப்பழக்கத்தை வைத்து யாரோ வேடிக்கையாகச் சொன்னார்கள். அவருடைய மகள் அங்கே உட்கார்ந்திருந்தாள். அந்தக் குடும்பம் அப்புறம் வரவே இல்லை. ஆகவே, இருப்பவரைப் பற்றி என்றால் அவரே சொல்லட்டும், அல்லது அவர் சம்மதத்தோடு அவர் முன்னால் சொல்லுங்கள். இறந்தவரைப் பற்றி என்றால் வீட்டாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாதி, நிறம், எந்தச் சமூகத்தான் என்பதை வைத்து வரும் சிரிப்பை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். இந்தச் சின்னத் தீவில் அது யாரையாவது கட்டாயம் சுடும்.

ஏற்பாடுகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. மேடை வேண்டாம், மைக் வேண்டாம், வட்டமாகத் தரையில் பாய். ஒரு மணி நேரம் போதும், இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே முடித்துவிடுங்கள். பரிசு வைக்காதீர்கள். பரிசு வந்தால் மனப்பாடம் வரும், மனப்பாடம் வந்தால் அம்மாமார்கள் பின்னால் நின்று வாயசைப்பார்கள். சாப்பிட ஏதாவது இருக்கட்டும், ஆனால் பாதியில் கொடுக்க வேண்டாம், கதை நின்றுபோகும். விடுமுறையும் புயல் மாதங்களும் சேர்ந்து வரும் டிசம்பர், ஜனவரியில் கூட்டம் தடைப்படும். அந்த மாதத்துக்கு வீட்டுக்கொரு விடுகதை கொடுத்து அனுப்புங்கள். எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போய் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து, மின்சாரமும் போன இரவில் அது நன்றாகவே வேலை செய்யும்.

எழுதி வையுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பெரியவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்து, அப்புறம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது திருத்தாமல், குறுக்கே யார் என்ன கேட்டார்கள், எங்கே சிரித்தார்கள், பாட்டி எந்த இடத்தில் கிரியோலுக்குத் தாவினாள் என்பது உட்பட எழுதினால்தான் அது அந்த மாலையின் கதையாக இருக்கும். சுத்தமான தமிழில் திருத்தி எழுதியதை நாளைக்கு யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ஒரு பாட்டி கத்தரிக்காயை ப்ரேன்ழேல் என்று சொல்லி அதே மூச்சில் "அடியே" என்றதை வேறு யாராலும் எழுத முடியாது.

கடைசியாக, உங்கள் கேள்வியில் பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றி எதுவும் இல்லை, ஆனால் அவர்கள்தான் முதலில் கழன்றுகொள்வார்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்காரவும் மாட்டார்கள், பெரியவர்களோடு சேரவும் கூச்சம். அவர்களுக்குக் கட்டியக்காரன் வேலையைக் கொடுங்கள். தெருக்கூத்தில் ராஜா வருவதற்கு முன்னால் வந்து அறிவித்து, ராஜாவையே மடக்கிக் கேள்வி கேட்டு, பார்க்கிறவர்கள் மனதில் இருப்பதைப் போட்டு உடைக்கிறவன் அவன். நீங்கள் கதை சொல்லும்போது பக்கத்தில் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணையோ பையனையோ நிறுத்தி, "என்ன வேண்டுமானாலும் குறுக்கே கேள், என்னை மாட்டிவிடப் பார்" என்று சொல்லிவிடுங்கள். எந்த மொழியிலும் கேட்கலாம். இரண்டு மூன்று கூட்டம் போனதும் இடம் மாறிக்கொள்ளுங்கள். அவர்கள் கதை சொல்லட்டும், நீங்கள் கட்டியக்காரனாக நில்லுங்கள். முதல் கூட்டத்துக்கே அப்படி ஒருவரைப் பிடித்துவிட முடிந்தால், மற்ற ஏற்பாடு எதுவும் தயாராகாவிட்டாலும் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.